டேட்டா லீனியேஜ் டீமில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா?

வணக்கம் அம்மா. மற்ற வாசகர்களுக்காக உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். ஒரு வெளிநாட்டு வங்கியின் சென்னைத் தொழில்நுட்ப மையத்தில் கேம்பஸ் மூலம் வேலை கிடைத்திருக்கிறது. டெவலப்பர் வேலையை எதிர்பார்த்திருந்த வீட்டுக்கு 'டேட்டா லீனியேஜ்' டீம் என்று ஆஃபர் வந்திருக்கிறது. ஐ.டி.யில் இருக்கும் உங்கள் அண்ணன் மகன், "அது எக்செல் ஷீட் நிரப்புற வேலை அத்தை, கோடிங்கே இருக்காது, வேண்டாம்னு சொல்லுங்க" என்கிறார். மகளோ சேரத்தான் வேண்டும் என்கிறாள்.

சேரலாம் என்பதே என் பதில். ஆனால் கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் அண்ணன் மகன் சொன்னதில் பாதி உண்மை.

முதலில் வேலை என்னவென்று பார்ப்போம். பொறியியல் கவுன்சலிங் சமயத்தில் கையில் வைத்திருந்த கட்-ஆஃபை நினைத்துப் பாருங்கள். 187.5 என்று வைத்துக்கொள்வோம். கணிதம் 96, இயற்பியல் 92-இல் பாதி 46, வேதியியல் 91-இல் பாதி 45.5. மறுமதிப்பீட்டில் வேதியியல் நான்கு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் எவ்வளவு கூடும் என்று கேட்டால் "இரண்டு" என்று யோசிக்காமல் சொல்லியிருப்பீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். வங்கியின் மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் உள்ள ஓர் எண்ணுக்குப் பின்னால் மூன்று மதிப்பெண்கள் இருக்காது. பல டேபிள்களும், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பேர் பல வருடங்களில் எழுதிய க்வெரிகளும் (டேபிளிலிருந்து விவரத்தை எடுக்கும் கட்டளைகள்) இருக்கும். எழுதியவர்களில் பாதிப் பேர் இப்போது அங்கே இருக்கவும் மாட்டார்கள். அந்த எண் எந்த டேபிளின் எந்த வரியிலிருந்து புறப்பட்டு, வழியில் என்னென்ன ஆகி இங்கே வந்தது என்று சொல்வதுதான் உங்கள் மகளின் டீம் செய்யப்போவது.

வங்கிகள் இதற்கென ஆள் எடுப்பது ஆசைக்காக அல்ல. 2008 நிதி நெருக்கடியின்போது, யாரிடம் மொத்தம் எவ்வளவு சிக்கியிருக்கிறது என்ற கணக்கையே பல வங்கிகளால் சட்டென்று கூட்டிச் சொல்ல முடியவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு வங்கி மேற்பார்வைக்கான பாசல் குழு 2013 ஜனவரியில் 14 கொள்கைகளை வெளியிட்டது. பிசிபிஎஸ் 239 என்று துறையில் எல்லோரும் சொல்வது அதைத்தான். உலக அளவில் முக்கியமான பெரிய வங்கிகள் 2016 ஜனவரிக்குள் அதற்கு ஏற்ப மாற வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். நம் நாட்டில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையில்தான் தள்ளுகிறது. ஒருவர் தன் விவரத்தை அழிக்கச் சொன்னால், அது எந்தெந்த டேபிளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரியாமல் எப்படி அழிப்பது?

இப்போது உங்கள் மகளுக்காகக் கொஞ்சம் உள்ளே போகிறேன். நீங்களும் கூடவே படிக்கலாம், பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

கடன் டேபிளில் ஒரு வரி: கடன் எண் 101, தொகை 5,00,000. ஜாமீன்தாரர் டேபிளில் அதே கடனுக்கு இரண்டு வரிகள், ஜாமீன் போட்டவர்கள் இருவர் என்பதால். இரண்டு டேபிள்களையும் கடன் எண்ணை வைத்து ஜாயின் செய்து, அதாவது இணைத்து, தொகையைக் கூட்டினால் 10,00,000 வரும். க்வெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல் எந்தப் பிழையும் காட்டாது. க்வெரி ஓடும், எண் அழகாகத் திரையில் வந்து நிற்கும், ஆனால் தப்பு. அவசரத்தில் சிலர் கூட்டலுக்குள் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பை ஒரு முறை மட்டும் எடு என்ற சொல்) போட்டுச் சமாளிப்பார்கள். அப்போது இதே ஐந்து லட்சத்துக்கு இன்னொருவர் வாங்கிய வேறு கடன் இருந்தால், அது கணக்கிலிருந்து காணாமல் போகும். ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு.

இதைப் பிடிப்பது எப்படி? கடன் வரிக்கு க என்றும் இரண்டு ஜாமீன் வரிகளுக்கு ப, ம என்றும் பெயர் வைப்போம். ஜாயினில் இரண்டு வரிகள் சேர்ந்து ஒன்றை உண்டாக்கினால் பெருக்கல். ஒரே விடைக்கு இரண்டு வழிகள் இருந்தால் கூட்டல். அப்படியானால் கடன் 101 விடையில் வந்த கதை: க×ப + க×ம. பொதுவானதை வெளியே எடுத்தால் க×(ப+ம). இதை வைத்துக்கொண்டு நிறையக் கேட்கலாம். ஜாமீன்தாரர் ஒருவரின் வரி தவறு என்று தெரிகிறதா? ப-வுக்கு 0 போடுங்கள், க×ம மிஞ்சும், விடை நிற்கிறது. கடன் வரியே தவறா? க-வுக்கு 0 போட்டால் எல்லாம் போய்விடும். மூன்றுக்கும் 1 போட்டால் 2 வருகிறது. ஐந்து லட்சம் இரண்டு முறை எண்ணப்பட்டதை அந்த 2 காட்டிக்கொடுக்கிறது.

இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. 2007-இல் டாட் கிரீன், கிரிகோரிஸ் கார்வுனராகிஸ், வால் டானன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதற்கும் முன்னால், 2001-இல், பீட்டர் புனிமன், சஞ்சீவ் கன்னா, வாங்-சியூ டான் மூவரும் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் காட்டினார்கள். இந்த வரி விடையில் ஏன் வந்தது என்பது ஒன்று. இந்தக் கட்டத்தில் உள்ள மதிப்பு எந்தக் கட்டத்திலிருந்து நகலாகி வந்தது என்பது இன்னொன்று. கிளைவாரிக் கடன் பட்டியலில் 'அடையாறு' என்ற பெயர் கிளை டேபிளின் ஒரு கட்டத்திலிருந்து வந்திருக்கும். அந்த வரி பட்டியலில் இருப்பதற்குக் காரணமோ கடன் டேபிளில் உள்ள ஒரு வரியாக இருக்கலாம். பெயர் தப்பாக இருந்தால் ஓரிடத்தில் திருத்த வேண்டும், வரியே இருக்கக்கூடாதென்றால் வேறிடத்தில். இந்த வித்தியாசம் புரிந்தவர் அரை மணியில் முடிக்கிற வேலையைப் புரியாதவர் இரண்டு நாள் தேடுவார்.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. வர வேண்டியது ஏன் வரவில்லை? என் கணக்கில் இதுதான் இருப்பதிலேயே கஷ்டமானது, இல்லாததைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தின் தினசரி கோவிட் கணக்கில் 15,841 பேர் விடுபட்டுப் போனார்கள். ஆய்வகங்கள் அனுப்பிய முடிவுகளைப் எக்செல்லின் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மேட்டில் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒரு ஷீட்டில் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது, அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் தாமதமானது. உள்ளே எத்தனை வரி வந்தது, வெளியே எத்தனை போனது என்று ஒவ்வொரு படியிலும் எண்ணிப் பார்க்கும் ஆள் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

சரி, அண்ணன் மகன் சொன்ன பாதி உண்மைக்கு வருகிறேன். பல நிறுவனங்களில் இந்த வேலை 'சோர்ஸ் டு டார்கெட் மேப்பிங்' என்ற ஷீட்டாகச் சுருங்கிவிடுகிறது. இந்தப் பத்தி (column) அங்கிருந்து வந்தது, அந்தப் பத்தி இங்கிருந்து வந்தது என்று மற்ற டீம்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். க்வெரியைத் திறந்து பார்க்கும் அனுமதிகூடப் புதியவர்களுக்கு இருக்காது. அப்படி இரண்டு வருடம் போனால் அடுத்த இன்டர்வியூவில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அதனால்தான் எச்.ஆரிடம், முடிந்தால் டீம் மேனேஜரிடமே, உங்கள் மகள் கேட்க வேண்டும்: எஸ்க்யூஎல் கோடைப் படிக்க எனக்கு அனுமதி கிடைக்குமா? லீனியேஜை டூல் தானாக எடுக்கிறதா, கையால் எழுதுகிறீர்களா, டூல் எடுத்தால் அதைச் சரிபார்ப்பது யார்? ஒன்றரை வருடம் கழித்து டேட்டா இன்ஜினியரிங் பக்கம் மாற வழி உண்டா, போன வருடம் சேர்ந்தவர்களில் யாராவது மாறியிருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைத்தான் நான் அதிகம் நம்புவேன். கேட்டால் ஆஃபரை ரத்து செய்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் நல்ல மேனேஜர் சந்தோஷப்படத்தான் செய்வார்.

ஏஐ வந்து இந்த வேலையைத் தின்றுவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஷீட் நிரப்பும் பகுதியைத் தின்னும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இப்போது ஏஐயிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தால் அதுவே எஸ்க்யூஎல் எழுதித் தருகிறது. எழுதியது ஓடவும் செய்யும். மேலே சொன்ன பத்து லட்சம் மாதிரியான தப்பு அதில் இருக்கிறதா என்று யார் பார்ப்பது? எழுதுவது மலிவாகும்போது சரிபார்ப்பதற்கான தேவை கூடும் என்பது என் கணிப்பு. அதற்காக, வாழ்நாள் முழுக்க 'லீனியேஜ் ஸ்பெஷலிஸ்ட்' ஆகவே இருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். இது டேட்டா இன்ஜினியரிங்குக்கோ டேட்டா கவர்னன்ஸுக்கோ (தரவு மேலாண்மை விதிகளைப் பார்க்கும் துறை) உள்ளே போகும் ஒரு வாசல், அந்த மட்டில் நல்ல வாசல்.

சேருவதற்கு முன் உள்ள மாதங்களில் டூல் பெயர்களைச் சேகரித்து ரெஸ்யூமேயை நிரப்ப வேண்டாம். காலேஜில் படித்த டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் பாடம்) புத்தகத்தை மறுபடி எடுக்கட்டும். ரிலேஷனல் அல்ஜீப்ராவைப் பரீட்சைக்காகப் படித்து மறந்திருப்பாள், இப்போது அதுதான் சோறு போடப் போகிறது. லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு வலது டேபிளின் மீது வேர் (WHERE) நிபந்தனை வைத்தால் ஏன் வரிகள் காணாமல் போகின்றன என்று நல் (NULL, அதாவது மதிப்பே இல்லாத காலி இடம்) என்பதை வைத்து விளக்கத் தெரிய வேண்டும். இதை இன்டர்வியூவிலும் கேட்பார்கள். அப்புறம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம், லேப்டாப்பில் போட்டு மேலே சொன்ன கடன் டேபிள்களை உண்டாக்கி, ஒவ்வொரு கூட்டலுக்கும் பக்கத்தில் அரே ஆக் (array_agg) ஃபங்ஷனைக் கொண்டு எந்தெந்தக் கடன் எண்கள் உள்ளே போயின என்று ஒரு தனிப் பத்தியாக வரவழைக்கட்டும். 101 இரண்டு முறை கண்ணில் படும். பிடித்துப்போனால் அதே போஸ்ட்கிரெஸில் ப்ராவ்எஸ்க்யூஎல் என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, இந்தப் பெருக்கல் கூட்டலை அதுவே செய்யும். பின்னால் மேற்படிப்பு யோசனை வந்தால், கேட் தேர்வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளிலும், 2024 முதல் நடக்கும் டேட்டா சயின்ஸ் தாளிலும் டேட்டாபேஸ் ஒரு பகுதி. இந்தப் படிப்பு வீணாகாது.

ஆஃபர் லெட்டரில் பாண்ட் பற்றிய பக்கத்தை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். எத்தனை மாதம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், உள்ளுக்குள்ளேயே டீம் மாறினால் பாண்ட் புதிதாகத் தொடங்குமா என்று பார்த்துவிட்டு, மேனேஜர் சொன்ன பதில்களோடு எனக்கு எழுதுங்கள். கோடைப் படிக்க அனுமதி இல்லை, பாண்டும் இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் என் பதில் மாறும்.