ருவாண்டா: படுகொலைக்குப் பிறகு (கேள்வி பதில்)

ருவாண்டாவின் ஹுட்டு, டுட்சி இரண்டும் வேறு மொழி பேசும் இனங்களா சார்?

இல்லை. இருவருக்கும் கின்யாருவாண்டாதான் தாய்மொழி. ஒரே மலையில் குடியிருந்தார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். மாடு வைத்திருப்போர், உழுவோர் என்று பழைய வேறுபாடு ஒன்று இருந்தது. அதைப் பிறப்போடு ஒட்டிய அடையாளமாக இறுக்கியது பெல்ஜிய ஆட்சி. 1930-களில் அடையாள அட்டையிலேயே இனத்தைப் போட்டார்கள். 1994-இல் சாலைத் தடுப்புகளில் நின்ற ஹுட்டு தீவிரவாதிகள் அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஆளைப் பிரித்துக் கொன்றார்கள். ஏப்ரல் 7-இல் தொடங்கி சுமார் 100 நாளில் 8 முதல் 10 லட்சம் பேர். பெரும்பாலோர் டுட்சிகள், கொலைக்கு உடன்படாத ஹுட்டுகளும் அதில் உண்டு. இன்றைய அட்டையில் இனம் என்ற கட்டமே கிடையாது.

அத்தனை பேரை எப்படி விசாரித்தார்கள்?

1990-களின் இறுதியில் சிறைகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் அடைபட்டிருந்தார்கள். நீதிபதிகளிலும் வக்கீல்களிலும் பலர் செத்திருந்தார்கள், பலர் ஓடியிருந்தார்கள். வழக்கமான நீதிமன்றத்தை நம்பியிருந்தால் நூறு வருஷம் போதாது. அதனால் ஊர்ப் பஞ்சாயத்து மரபான கச்சாச்சாவுக்குச் சட்ட அதிகாரம் கொடுத்தார்கள். அந்தச் சொல்லுக்குப் புல் என்று பொருள். புல்தரையில் உட்கார்ந்து பேசுவது வழக்கம். 2002-இல் சோதனையாக ஆரம்பித்து 2005-இல் நாடு முழுக்கப் பரவி 2012 ஜூனில் முடிந்தது. சுமார் 12,000 மன்றங்கள், 19 லட்சத்துக்கும் மேல் வழக்குகள். நீதிபதிகள் ஊரார் தேர்ந்தெடுத்தவர்கள், சம்பளம் கிடையாது.

முதலில் யார் செத்தார்கள், யார் செய்தார்கள் என்று ஊர் கூடிப் பட்டியல் எடுக்கும். பிறகு குற்றத்தை வகை பிரிப்பார்கள். சொத்துக் கொள்ளைக்குச் சிறை இல்லை, திருப்பித் தர வேண்டும். கொலைக்குச் சிறை. குற்றத்தை முழுதாக ஒப்புக்கொண்டு, கூட்டாளிகளின் பெயரையும் சடலம் கிடக்கும் இடத்தையும் சொல்லி, ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்டால் தண்டனை குறையும். ஒரு பகுதி சமூக வேலையாக மாறும். என் பார்வையில் இதன் பெரிய பயன் அந்தச் சடலங்கள் கிடைத்ததுதான். பல குடும்பங்கள் பிள்ளையின் எலும்பைத் தோண்டியெடுத்து அடக்கம் செய்ய முடிந்தது.

எங்கே தவறியது?

குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இல்லை. பழைய பகைக்குப் பொய்ச் சாட்சி சொன்னவர்கள் இருந்தார்கள். உண்மை சொன்ன சாட்சிகள் மிரட்டப்பட்டார்கள், சிலர் கொல்லவும்பட்டார்கள். நஷ்டஈடு பெரும்பாலும் தீர்ப்போடு நின்றது, கொடுக்க வேண்டியவனிடம் பணமில்லை. படுகொலையை நிறுத்தியது ருவாண்டா தேசபக்த முன்னணி, டுட்சிகள் அதிகம் இருந்த கிளர்ச்சிப் படை. அதன் வீரர்கள் செய்த கொலைகள் கச்சாச்சாவில் விசாரிக்கப்படவே இல்லை. அதில் செத்தவர்களின் குடும்பத் துக்கம் இன்னும் பேச்சுக்கே வரவில்லை.

அருஷா நீதிமன்றம்?

அது ஐ.நா. அமைத்தது, தான்சானியாவில். திட்டமிட்ட தலைவர்களுக்கானது. 93 பேர் மீது குற்றச்சாட்டு, 2015-இல் மூடப்பட்டது. 1998-இல், மேயராக இருந்த அகாயேசு என்பவரின் வழக்கில், பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது.

வேலைக்குத் தலைநகர் கிகாலி போகிறேன் அண்ணா. என்ன கவனிக்கணும்?

யாரிடமும் "நீங்க ஹுட்டுவா, டுட்சியா" என்று கேட்காதீர்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை 8 முதல் 11 வரை உமுகாண்டா, ஊர் கூடிச் செய்யும் பொதுவேலை. கடையும் போக்குவரத்தும் பெரும்பாலும் நின்றுவிடும், அன்றைக்குப் பயணம் வைக்காதீர்கள். ஏப்ரல் 7 முதல் ஒரு வாரம் துக்கம், விருந்தும் பாட்டும் வேண்டாம். பிளாஸ்டிக் பை 2008 முதல் தடை, பெட்டியில் இருந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

அப்போ எல்லாம் ஆறிவிட்டதா?

கொன்றவனும் பிழைத்தவளும் பக்கத்து வீட்டில் வாழ்கிறார்கள், அது சாதாரண விஷயமல்ல. ஆனால் 2024 தேர்தலில் அதிபர் காகமே 99 சதவீதம் ஓட்டு வாங்கினார். "இனப்படுகொலைச் சித்தாந்தம்" பற்றிய சட்டம் வெறுப்பைத் தடுக்க வந்தது. அதே சட்டம் அரசை விமர்சிப்பவர்கள்மீதும் பாய்ந்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் கிழக்குக் காங்கோவில் எம்23 என்ற கிளர்ச்சிப் படைக்கு ருவாண்டா துணை நிற்பதாக ஐ.நா. நிபுணர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், அரசு மறுக்கிறது. அங்கே சண்டையால் லட்சக்கணக்கானோர் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள்.