முதுகில் ஊசி போட்டால் வலி போகுமா?

கேள்வி: ரப்பர் பால்வெட்டு வேலை செய்கிறேன். இடுப்பிலிருந்து இடது கால்வரை ஒரு வருடமாக இழுக்கிறது. முதுகுத்தண்டு நரம்பில் ஊசி போடச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. – வாசகர், குலசேகரம்

பதில்: ஊசி நரம்புக்குள் போகாது, மருந்தை நரம்பைச் சுற்றித்தான் விடுவார்கள். குப்புறப் படுக்கவைத்து, தோலை மரக்கவைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி செய்வார்கள். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்று வலி குறைந்து மறுநாள் திரும்பினால், 'காசு போச்சே' என்று என்னிடம் வருபவர்கள் புலம்புவார்கள். ஊசியில் கலந்திருக்கும் மரப்பு மருந்தின் வேகம் தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். அதோடு போகும் ஸ்டீராய்டு, அதாவது நரம்பைச் சுற்றிய வீக்கத்தைக் குறைக்கும் மருந்து, வேலைசெய்ய 2 முதல் 7 நாள் ஆகலாம். சிலருக்கு மாதக்கணக்கில் நிம்மதி, சிலருக்குப் பலனே இராது. சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இருந்தால் முன்பே சொல்லுங்கள். அன்று பைக் வேண்டாம். காய்ச்சலோ, கால் தளர்ச்சியோ, சிறுநீர் அடைப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அப்புறம், மறுநாள் விடியலிலேயே கத்தியோடு தோட்டத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள்!