துருப்பிடித்த நட்டுக்கு எந்த ஸ்பேனர்?

கேள்வி: கிணற்று மோட்டாரின் பைப்பை இணைக்கும் ஃபிளேஞ்ச் (போல்ட் போடும் விளிம்பு) நட்டுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. 19 எம்.எம். டபுள் எண்ட் ஸ்பேனர் வழுக்குகிறது. ஒரு நட்டின் முனைகள் மழுங்கத் தொடங்கிவிட்டன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பைப் ரெஞ்ச் போடச் சொல்கிறார். போடலாமா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: வேண்டாங்க. பைப் ரெஞ்ச் உருண்டைக் குழாயைக் கடித்துப் பிடிக்கிற சாமான். நட்டில் போட்டால் மிச்சமிருக்கும் முனையையும் தின்றுவிடும்.

உங்களிடம் இருக்கும் வாய் திறந்த ஸ்பேனர் நட்டின் ஆறு பக்கங்களில் இரண்டைத்தான் பிடிக்கிறது. பலம் கொடுக்கக் கொடுக்க வாய் லேசாக விரியும், வழுக்கும். ரிங் ஸ்பேனர் சுற்றிலும் பிடிக்கும். ஆனாலும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரிங்கில் உள்ளே 12 முனை இருக்கும். மழுங்கிய நட்டில் அதுவும் நழுவும். 6 முனை உள்ள 19 எம்.எம். பாக்ஸ் (நட்டின் மேல் தொப்பி போல மாட்டும் சாக்கெட்) கேட்டு வாங்குங்கள். அது மூலையை விட்டுத் தள்ளி, தட்டையான பக்கத்தில் அழுத்தும். என் பட்டறையில் இறுகிய நட்டு எது வந்தாலும் முதலில் கை போவது அதற்குத்தான். ராட்செட் கைப்பிடி (ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் திருப்புவது) போடாதீர்கள், உள்ளே இருக்கும் பல் உடைந்துவிடலாம். பல் இல்லாத நீளமான கைப்பிடி போதும்.

மெயினை அணைத்துவிட்டு, வெளியே நீட்டியிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். ஃபிளேஞ்சில் அடி படக் கூடாது. அது வார்ப்பிரும்பு, போல்ட் துளை இருக்கும் காது உடைந்தால் நட்டு விஷயம் பம்பு விஷயமாகிவிடும். மறுபக்க போல்ட் தலையை ஒரு ரிங் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, முதலில் துளி இறுக்குங்கள். 'டிக்' என்று துரு விடுகிற சத்தம் கையிலேயே தெரியும். அப்புறம் கழற்றுங்கள். கொஞ்சம் அசைந்ததும் ஒரேயடியாகச் சுழற்ற வேண்டாம். முன்னும் பின்னும் ஆட்டி, எண்ணெய் விட்டு விட்டுக் கழற்றுங்கள்.

கேஸ் வைத்துச் சூடாக்கினால் நட்டு விரிந்து இளகும், சரிதான். உங்கள் ஃபிளேஞ்சுக்குள் ரப்பர் பேக்கிங் இருந்தால் அது கருகும். அதனால் நான் சூடு வைக்கச் சொல்ல மாட்டேன். எதற்கும் அசையாவிட்டால் நட்டை ஹேக்ஸா பிளேடால் அறுத்தே எடுத்துவிடுங்கள். நட்டு போல்ட்டின் விலை கொஞ்சம்தான். புதிதாகப் போடும்போது துத்தநாகம் பூசிய போல்ட்டாக வாங்கி, மரையில் கிரீஸ் தடவிப் போடுங்கள்.