கேளுங்கள்: தாவரக் கூட்டமும் வாழிடமும்

ஒரு காட்டுத் துண்டில் ஒரு மரவகை பெருகுகிறதா, குறைகிறதா என்று எப்படி அறிவது? பெரிய மரங்கள் நிறைய நிற்பது போதாதா?

போதாது. பெரிய மரங்கள் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய நிலையைத்தான் காட்டுகின்றன. இன்றைய நிலை நாற்றுகளிலும் இளமரங்களிலும் தெரியும்.

மரங்களுக்கு 10 x 10 மீட்டர், புதர்களுக்கு 5 x 5, நாற்றுகளுக்கு 1 x 1 எனக் கயிறு கட்டிச் சதுரம் போடுங்கள். இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுத்தால் செழிப்பான பகுதிக்கே போவீர்கள், கணக்கு ஊதிப்போகும். வரைபடத்தில் கட்டம் போட்டு, எண்களைக் குலுக்கி எடுங்கள். வேர் சதுரத்துக்குள் இருந்தால் மட்டும் எண்ணுங்கள். கயிற்றின் மேலேயே நிற்பவற்றில் இரண்டு பக்கத்தைச் சேர்த்து, மற்ற இரண்டை விட்டுவிடுங்கள்.

பிறகு தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து மரங்களை வகுப்புகளாகப் பிரியுங்கள். நாற்று ஏராளம், இளமரம் குறைவு, பெருமரம் மிகக் குறைவு என்று படிப்படியாக இறங்கினால் பொதுவாக நல்ல அறிகுறி. நடுவகுப்பு காலியாக இருந்தால் மேய்ச்சல், தீ, அடர்நிழல் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். மேய்ச்சல்தானா என்று தெரிய, ஒரு சதுரத்துக்கு வேலி போட்டுப் பக்கத்துச் சதுரத்தைத் திறந்துவிட்டு, சில ஆண்டுகள் ஒப்பிட வேண்டும்.

இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். வெளிச்சம் தேடும் மரவகைகள் நிழலில் நாற்று விடாது. முதுமரம் சாய்ந்து இடைவெளி திறந்தால்தான் முளைக்கும். அதை அழிவு என்று எழுதிவிடக் கூடாது. வேரிலிருந்து கிளைக்கும் வகைகளிலோ பத்துத் தண்டும் ஒரே செடியாக இருக்கலாம்.

தாய்மரத்தடியில் நூற்றுக்கணக்கில் முளைத்தும் ஒன்றும் தேறுவதில்லையே, ஏன்?

நிழலும் வேர்ப்போட்டியும் ஒரு பங்கு. அந்த மரவகையையே குறிவைக்கும் பூச்சிகளும் பூஞ்சைகளும் தாய்மரத்தடியில் குவிந்திருப்பது இன்னொரு பங்கு. சூழலியலாளர்களான டேனியல் ஜான்சன் 1970இலும் ஜோசப் கானல் 1971இலும் தனித்தனியாக முன்வைத்த கருத்து இது. ஒரே வகை ஓரிடத்தை முழுக்கப் பிடித்துக்கொள்ளாமல் இது தடுக்கிறது. எல்லாக் காடுகளிலும் ஒரே வலுவோடு இது நடப்பதில்லை.

செடிகள் முற்றிலும் மறைந்த நிலத்தில் விதை மிச்சமிருக்குமா?

இருக்கலாம். தாவரவியலாளர் வில்லியம் பீல் 1879இல் அமெரிக்காவின் மிச்சிகனில் விதைகளைக் குப்பிகளில் போட்டுப் புதைத்தார். 2021இல் எடுத்த குப்பியிலும் சில முளைத்தன. ஆனால் ஈரத்தன்மை போனதும் சாகும் காட்டுமர விதைகள் பல; அவற்றை மண்ணில் தேடிப் பயனில்லை.

சோதிக்க, பல இடங்களில் மேல் 5 செ.மீ. மண்ணை எடுத்துக் கல்லையும் வேரையும் நீக்குங்கள். தட்டில் மணல் பரப்பி, அதன்மேல் 1 செ.மீ. கனத்துக்கு இந்த மண்ணை இடுங்கள். கனம் கூடினால் அடியிலுள்ள சிறு விதைகள் வெளிச்சமின்றி முளைக்காது. ஈரம் காயாமல் வைத்து, முளைத்ததை அடையாளம் கண்டதும் பிடுங்குங்கள். முளைப்பு நின்றதும் மண்ணைக் கிளறிவிட்டால் அடுத்த சுற்று வரும். பக்கத்தில் வெறும் மணல் தட்டு ஒன்றும் இருக்கட்டும். அதில் முளைப்பது காற்றில் வந்த விதை. அந்த வகையை மண்ணின் கணக்கில் சேர்க்காதீர்கள்.