மாத்திரை போதுமா, கீமோவும் வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. மாதவிடாய் நின்று பல வருடங்கள் ஆகின்றன. போன மாதம் மார்பில் இருந்த புற்றுக்கட்டியை மட்டும் எடுத்தார்கள். அளவு 1.8 செ.மீ., கிரேடு 2. அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகளில் புற்று இல்லை. ஈஆர், பிஆர் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்2 (புற்றை வேகமாக வளர்க்கும் புரதம்) நெகட்டிவ், கேஐ-67 (பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் பங்கு) 18%. ஒரு டாக்டர் நான்கு கீமோ போட்டுவிடலாம் என்கிறார், இன்னொருவர் ஹார்மோன் மாத்திரை போதும் என்கிறார். அம்மாவிடம் சாதாரணக் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு டாக்டர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "மாத்திரையோடு கீமோவும் சேர்த்தால், இவரைப் போன்ற 100 பேரில் கூடுதலாக எத்தனை பேருக்கு நோய் திரும்பாது?" பதிலை ஆள் கணக்கில் கேட்டு வாங்குங்கள். "மூன்றில் ஒரு பங்கு ஆபத்து குறையும்" என்றால் பெரிதாகத் தெரியும். மாத்திரைக்குப் பிறகும் 100 பேரில் 9 பேருக்கு நோய் திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றில் ஒரு பங்கு வெறும் 3 பேர்தான். மீதி 97 பேருக்கு முடி கொட்டியதும் வாந்தியும் விரல் நுனி மரத்துப்போனதும்தான் மிச்சம்.

அம்மாவின் ரிப்போர்ட்டை வைத்துப் பார்த்தால் அந்த எண் சிறியதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். 18% கேஐ-67-ஐ வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். 5-க்குள் இருந்தாலோ 30-ஐத் தாண்டினாலோ அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. நடுவில் இருந்தால் லேபுக்கு லேப் மாறும். ஹெர்2 எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். 0 அல்லது 1+ என்றால் சரி. 2+ என்று இருந்தால், ஹெர்2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் டெஸ்ட் பார்க்காமல் நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹெர்2 பாசிட்டிவ் ஆகிவிட்டால் நான் இங்கே சொல்லும் கணக்கு எதுவும் பொருந்தாது.

இப்படி இரண்டுங்கெட்டானாக இருக்கும்போது உதவுவது ஆன்கோடைப் டிஎக்ஸ் என்ற டெஸ்ட். கட்டியில் 21 மரபணுக்களைப் பார்த்து 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் தருவார்கள். எடுத்த கட்டி மெழுகு பிளாக்காக ஆஸ்பத்திரியில் இருக்கும். அதையே அனுப்பலாம், மறுபடி ஊசி குத்த வேண்டாம். 2018-ல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்திருந்தார்கள். 50 வயதைத் தாண்டி, நெறிக்கட்டியில் புற்று இல்லாமல், மதிப்பெண் 25-க்குள் இருந்தவர்களுக்குக் கீமோவால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. 26 அல்லது அதற்கு மேல் வந்தால் நானும் கீமோ போடத்தான் சொல்வேன். (50 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 16-லிருந்தே யோசிக்க வேண்டும்.)

செலவுதான் இடிக்கும், லட்சக்கணக்கில் ஆகும். இதே நோக்கத்துக்காகப் பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் டெஸ்டுக்கு அதைவிடக் குறைவு. ஆனால் அதன் பின்னால் டெய்லர்எக்ஸ் போன்ற பெரிய ஒப்பீட்டு ஆய்வு இல்லை. இரண்டுக்கும் வசதியில்லை என்றால், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய 'பிரெடிக்ட்' என்ற இலவச இணையக் கணக்கியில் விவரங்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆனால் பயப்பட வேண்டாம். கீமோ போடுவதாக இருந்தால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம், அம்மாவிடம் மறைப்பது. பயந்துவிடுவார் என்று நினைத்துத்தான் வீட்டில் மறைக்கிறார்கள், புரிகிறது. ஆனால் கீமோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் குறைந்தது ஐந்து வருடம் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரைகளால் பலருக்கு மூட்டுவலி வரும். எதற்குச் சாப்பிடுகிறோம் என்றே தெரியாதவர், காலையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழும்போது மாத்திரையை நிறுத்திவிடுவார். உங்களிடம் சொல்லவும் மாட்டார். அவரைக் காப்பதில் பெரும்பங்கு அந்த மாத்திரைக்குத்தான். விஷயத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த முறை டாக்டர் அறைக்கு அவரையும் கூட்டிப் போங்கள். 100 பேரில் இரண்டு பேருக்குத்தான் பலன் என்றாலும் கீமோ போட்டுக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு, பத்துப் பேருக்கென்றாலும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

கட்டியை மட்டும் எடுத்திருப்பதால் கதிரியக்கச் சிகிச்சை தனியாக உண்டு. கீமோ வேண்டாம் என்றானாலும் அதை விட்டுவிடாதீர்கள். கீமோ என்று முடிவானால் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி காட்டினால், நடுராத்திரி ஆனாலும், பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.