'டிஸ்க் ரீட் எரர்': செக்டிஸ்க்கை இப்போது ஓட்டாதீர்கள்

கடைக் கணினி கிளம்பவில்லை, செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி) ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். கறுப்புத் திரையில் 'டிஸ்க் ரீட் எரர்' என்று நின்றுவிட்டால் முதலில் கேபிளைப் பாருங்கள்.

கடை பாம்பனில், கடலை ஒட்டி என்கிறீர்கள். உப்புக்காற்றில் சாட்டா கேபிளின் (ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைப்பது) முனை களிம்பேறுவது நம் பக்கம் சகஜம். மின்சாரத்தைத் துண்டித்து, கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். புதுக் கேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது. (தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். வேண்டாம்.)

அப்படியும் கிளம்பவில்லையா? பென்டிரைவில் உபுண்டு (விண்டோஸ் போன்ற ஓர் இலவச இயங்குதளம்) ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியல்) திறங்கள். 199ஆம் வரிசையில் எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள்தான். ஏறிய எண் இறங்காது. புதுக் கேபிளுக்குப் பின்னும் கூடுகிறதா என்பதுதான் கணக்கு. 5, 197 வரிசைகளில் பூஜ்யம் இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கே போய்க்கொண்டிருக்கலாம். கடையின் ஐஸ், டீசல் கணக்குகளை உடனே வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள், அப்புறம் செக்டிஸ்க். '/r' சேர்த்து ஓட்டினால் அது டிஸ்க் முழுவதையும் துருவிப் படிக்கும். நொந்துபோன டிஸ்க் தாங்காது.

உள்ளிருந்து 'டக் டக்' சத்தம் வந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாமல் அணைத்துவிடுங்கள். அது தரவு மீட்பவர்களின் வேலை.