கதை சொல்வது யார் முறை?

அன்புள்ள அக்கா,

பாளையங்கோட்டையில் இருக்கிறோம், இரண்டு பேருமே வேலைக்குப் போகிறோம். மகனுக்கு நான்கு வயது, போன் இல்லாமல் ஒரு வாய் இறங்காது. கதை சொல்லிப் பழக்கு என்கிறார்கள். பாத்திரம் கழுவி முடித்துப் படுத்தால் எனக்கே கண் சொருகுகிறது. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மாமியார் வந்தால் கதை சொல்வார், ஆனால் சொன்னதையே சொல்வார். சாப்பிடாவிட்டால் சுடலைமாடன் வருவார் என்று மிரட்டவும் செய்வார். என்ன செய்யட்டும்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் கணவர் 'இரண்டு பேருமே' என்கிற சொல்லோடு காணாமல் போய்விடுகிறார். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சமையலும் பாத்திரமும் உங்கள் தலையில் இருக்கும்போது கதையையும் ஏற்றினால் அதுவும் ஒரு வீட்டுவேலைதான், பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். பாத்திரத்தை அவர் கழுவட்டும், இல்லையென்றால் கதையை அவர் சொல்லட்டும். கதை தெரியாது என்பார். நாங்குநேரிப் பக்கத்துக்காரருக்குக் கூந்தன்குளம் தெரியாமல் இருக்குமா? வருஷாவருஷம் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வந்து ஊருக்குள் வீட்டு மரத்திலேயே கூடு கட்டுவதையும், பறவை மிரளும் என்று தீபாவளிக்குக்கூட அங்கே வெடி போடாததையும் சொன்னாலே போதும். 'குஞ்சு கீழ விழுந்தா?' என்று பிள்ளை கேட்பான், அடுத்த நாள் கதை அதிலிருந்து வரும்.

ஆச்சி சொன்னதையே சொல்வது குறையே இல்லை. அடுத்து என்ன வரும் என்று தனக்குத் தெரிவதில் அந்த வயதுக்கு ஒரு தைரியம் இருக்கிறது, சொற்களும் அப்படித்தான் மனதில் ஏறுகின்றன. சுற்றி மழை கொட்ட, வேதசர்மர் காயப்போட்ட நெல் மட்டும் நனையாமல் நெல்லையப்பர் காத்த கதையை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லட்டும். மிரட்டலை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், அதையும் உங்கள் கணவர் சொல்லட்டும், மருமகள் சொன்னால் வேறு மாதிரி ஆகும். சுடலைமாடன் நம்ம ஊரைக் காக்கிற சாமி, பிள்ளைக்கு அவரை அப்படியே தெரியட்டும்.

சரி, போன். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. முதலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மட்டும் எல்லோர் போனும், உங்கள் இருவருடையதும் சேர்த்துத்தான், அலமாரிக்குள் போகட்டும். அழுவான், குறைவாகச் சாப்பிடுவான், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கதை சொல்லி ஊட்டாதீர்கள், போன் இருந்த இடத்தில் கதை வந்து உட்கார்ந்துவிடும், என்ன சாப்பிட்டோம் என்றே அவனுக்குத் தெரியாது. கூடவே உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், சிந்தினாலும் அவன் கையாலேயே சாப்பிடட்டும். கதை அப்புறம், படுக்கையில். ஒரு நாள் அவர், ஒரு நாள் நீங்கள், ஆச்சி வந்திருந்தால் இரண்டு பேருக்கும் லீவு.